பழைய 7 சீட்டர் கார் வாங்கப் போறீங்களா? பெட்ரோல், டீசல், சிஎன்ஜி... உங்க குடும்பத்துக்கு எந்த எஞ்சின் சரி?

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூடவே தாத்தா, பாட்டி. குலதெய்வம் கோயிலுக்கோ சொந்த ஊர்த் திருவிழாவுக்கோ எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும் என்றால் ஐந்து சீட் கார் போதாது. புது 7 சீட்டர் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால்தான் எர்டிகா, இன்னோவா, கேரன்ஸ், ட்ரைபர் என பழைய வண்டிகளைத் தேடி பல குடும்பங்கள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன.

வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்ளோ தரும்?" விற்பவரும் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார். "டீசல் சார், இருபதுக்கு கொறையாது!"

ஆனால் அதற்கு முன்னால் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 'மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போறோம்? அதுவும் எப்படிப்பட்ட ரோட்டில்?' பெட்ரோலா, டீசலா, சிஎன்ஜியா என்பதை முடிவு செய்வது இதற்கான பதில்தான். எப்படி என்று விரிவாகப் பார்க்கலாம்.

டீசல் மவுசு எங்கிருந்து வந்தது?

2012-ல் எர்டிகா அறிமுகமான நேரத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. டீசல் விலையை அப்போது அரசு கட்டுப்படுத்தி வந்தது. டீசல் கார் வாங்கினால் லாபம் என்று அப்போது கணக்குப் போட்டவர்கள் தப்பாகப் போடவில்லை.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன்பிறகு இடைவெளி குறைந்துகொண்டே வந்து, சென்னையில் இந்த வித்தியாசம் 10 ரூபாய்க்குள் வந்துவிட்டது.

அடுத்த திருப்பம் 2020 ஏப்ரல் 1. நாடு முழுவதும் பிஎஸ்-6 மாசு விதி அமலுக்கு வந்தது. சின்ன டீசல் எஞ்சின்களை அந்த விதிக்கு ஏற்ப மாற்றுவதற்குச் செலவு அதிகம் என்பதால், மாருதி சுசூகி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, சந்தையில் இருக்கும் டீசல் எர்டிகா எல்லாமே 2020-க்கு முந்தையவைதான். அதற்குப் பிந்தைய மாடல் என்று சொல்லி யாராவது டீசல் எர்டிகா காட்டினால் ஆர்சி புத்தகத்தை ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள்.

சந்தையில் டீசல் வண்டி குறைந்துவிட்டது, ஆனால் கேட்பவர்கள் குறையவில்லை. அதனால் ஒரே வருடம், ஒரே மாடல் என்றாலும் நல்ல டீசல் வண்டிக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். அந்தக் கூடுதல் பணம் நமக்குத் திரும்பி வருமா என்பதுதான் கேள்வி.

ஒரு சின்ன கணக்கு

உதாரணத்துக்கு பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய், சிஎன்ஜி கிலோ 90 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஏசி போட்டு, ஆள் ஏற்றி ஓட்டும்போது ஒரு நடுத்தர 7 சீட்டர் பெட்ரோலில் 14, டீசலில் 19, சிஎன்ஜியில் 22 கி.மீ. தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு:

* பெட்ரோல் - சுமார் 7.20 ரூபாய்
* டீசல் - சுமார் 4.85 ரூபாய்
* சிஎன்ஜி - சுமார் 4.10 ரூபாய்

பெட்ரோலைவிட டீசலில் கிலோமீட்டருக்கு 2.35 ரூபாய் மிச்சம். இப்போது இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் குடும்பம் மாதம் 500 கி.மீ. ஓட்டுகிறது. டீசலில் வருடத்துக்கு 14,100 ரூபாய் மிச்சமாகும். இரண்டாவது குடும்பம் மாதம் 1,500 கி.மீ. ஓட்டுகிறது. அவர்களுக்கு வருடத்துக்கு 42,300 ரூபாய் மிச்சமாகும்.

டீசல் வண்டிக்கு வாங்கும்போது 1 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள், சர்வீஸ் செலவும் வருடத்துக்கு 10,000 ரூபாய் கூடுதல் என்று கணக்கில் சேர்த்தால் என்ன ஆகும்? இரண்டாவது குடும்பம் மூன்று வருடம் சொச்சத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடும். முதல் குடும்பத்துக்கு 24 வருடம் ஆகும். அதுவரை அந்த வண்டியே இருக்காது!

திரும்ப விற்கும்போது அந்த ஒரு லட்சத்தில் ஒரு பகுதி கிடைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இடையில் ஒரே ஒரு பெரிய ரிப்பேர் வந்தாலும் மொத்தக் கணக்கும் மாறிவிடும். உங்கள் ஊர் விலை, நீங்கள் பார்க்கும் வண்டியின் விலை ஆகியவற்றைப் போட்டு இதே கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

டீசலில் என்ன பிரச்சினை வரும்?

டீசல் எஞ்சின் பலசாலி. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது அந்தப் பலம் தெரியும். இன்னோவா கிரிஸ்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 2.7 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 245 நியூட்டன் மீட்டர் இழுவிசை தரும். அதைவிடச் சின்னதான 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் தருவது 343. அதுவும் எஞ்சின் நிதானமாகச் சுற்றும்போதே கிடைத்துவிடும். அதனால்தான் அடிக்கடி கியர் மாற்றாமல் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற முடிகிறது.

ஆனால் இந்தப் பலத்தைத் தரும் பாகங்கள் விலை உயர்ந்தவை. இன்ஜெக்டர், அதிக அழுத்தத்தில் டீசலை அனுப்பும் பம்ப், டர்போ. இவை வயதாகிக் கெட்டுப்போனால் மாடலைப் பொறுத்து பில் அரை லட்சத்தையும் தாண்டலாம். மைலேஜில் மூன்று வருடமாகச் சேர்த்த பணம் ஒரே நாளில் போய்விடும்.

2020-க்கு முந்தைய டீசல் வண்டி: பராமரிப்பு ஓரளவு எளிது. எர்டிகா டீசலில் முதலில் வந்த 1.3 லிட்டர் எஞ்சின் ஃபியட் நிறுவனம் உருவாக்கியது. ஸ்விஃப்ட், டிசையர் தொடங்கி டாடா விஸ்டா வரை பல கார்களில் இதே எஞ்சின் குடும்பம்தான். அதனால் சின்ன ஊர்களில்கூட இதைத் தெரிந்த மெக்கானிக் இருப்பார், ஸ்பேர் கிடைக்கும். இதே 1.3 லிட்டர் எஞ்சின் செவர்லே என்ஜாயிலும் உண்டு. ஆனால் அந்நிறுவனம் 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்திவிட்டது. எஞ்சின் பாகம் கிடைத்தாலும் பம்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

பழைய 2.5 லிட்டர் இன்னோவாவில் டைமிங் பெல்ட் உண்டு. அதைக் குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் எஞ்சினுக்குள்ளேயே சேதம் வரும்.

2020-க்குப் பிந்தைய டீசல் வண்டி: இதில் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கும. பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டினால் போதும்.

பள்ளிக்கூடம், மார்க்கெட், அலுவலகம் என்று தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால்? கரி எரியாமல் சேர்ந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டால் வண்டி இழுக்காது, கடைசியில் வடிகட்டியையே மாற்ற வேண்டி வரும். அதாவது, சிட்டிக்குள் குறைவாக ஓட்டுபவர்களுக்கு பிஎஸ்-6 டீசல் செலவில் மட்டும் அல்ல, பயன்பாட்டிலும் ஒத்துவராது.

சிலர் இந்த வடிகட்டியைக் கழற்றிவிட்டு வண்டியை விற்பதும் உண்டு. "டிபிஎஃப் தொல்லையே இல்ல சார், எடுத்தாச்சு" என்று சொன்னால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். அது மாசு விதியை மீறிய வண்டி.

சில டீசல் மாடல்களில் யூரியா கலந்த ஆட்புளூ திரவமும் ஊற்ற வேண்டும். டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல நிற மூடி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் யாருக்கு?

பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை இதுதான். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் எஞ்சினில் கெட்டுப்போகக்கூடிய விலையுயர்ந்த பாகங்கள் குறைவு. வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் பெரிய தொல்லை தராது. சத்தமும் அதிர்வும் குறைவு என்பதால் வயதானவர்களுக்கும் வசதி.

குறை என்ன? முதலாவது, முழு லோடில் மலை ஏறும்போது எஞ்சின் திணறும். 1 லிட்டர் எஞ்சின் கொண்ட ட்ரைபர் சிட்டிக்கு நல்ல வண்டி. ஏழு பேர், லக்கேஜ், ஏசி எல்லாம் சேர்ந்து மலைப்பாதையில் போனால் பொறுமை வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை ஏற்காடு போவதற்காக டீசல் வாங்க வேண்டியதில்லை. ஆனால் மலையிலேயே வீடு என்றால் அது வேறு கதை.

இரண்டாவது, எத்தனால். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். இ20-க்காக வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் இ20-ஐத் தாங்கும் பாகங்களுடன் வருகின்றன. அதற்கு முந்தைய வண்டி என்றால் எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களிலும் வாஷர்களிலும் விரிசல், கசிவு இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிஎன்ஜி எப்படி?

கணக்குப்படி பார்த்தால் கிலோமீட்டருக்குச் செலவு குறைவு. மாதம் 1,500 கி.மீ. ஓடினால் நம் உதாரணத்தில் வருடத்துக்கு 55,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் 7 சீட்டர் வாங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சிலிண்டர் எங்கே உட்காரும்?

எர்டிகா சிஎன்ஜியில் அது மூன்றாவது வரிசைக்குப் பின்னால், டிக்கியில் இருக்கிறது. ஏழு பேர் உட்காரலாம். ஏழு பேரின் பெட்டி எங்கே போகும்? மேலே கேரியர் போட வேண்டியதுதான். எஞ்சின் சக்தியும் பெட்ரோலில் ஓடுவதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையும். மலைப்பாதையில் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுவது நல்லது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

* கம்பெனியிலேயே பொருத்தியதா, வெளியில் பொருத்தியதா? வெளியில் பொருத்தியது என்றால் ஆர்சி-யில் எரிபொருள் 'பெட்ரோல்/சிஎன்ஜி' என்று மாற்றப்பட்டிருக்க வேண்டும். இன்சூரன்ஸிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் விபத்து நேரத்தில் இழப்பீடு சிக்கலாகிவிடும்.
* சிலிண்டருக்கு 3 வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். சுமார் 200 பார் அழுத்தத்தில் வாயு அடைபடும் இடம் அது. சோதனைச் சான்றிதழ் இல்லாமல் குடும்பத்தை ஏற்ற வேண்டாம்.
* உங்கள் வீட்டுப் பக்கமும், அடிக்கடி போகும் ஊர் வழியிலும் சிஎன்ஜி பங்க் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பங்க்குகள் பெருகி வந்தாலும் எல்லா ஊரிலும் ஒரே நிலை இல்லை. வாங்கும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த பங்க்குக்குப் போய் வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள்.

'ஹைபிரிட்' என்றால் எல்லாம் ஒன்றா?

இல்லை. எர்டிகாவின் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' மிதமான வகை. ஒரு சின்ன பேட்டரி எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். வண்டியை கரண்ட்டில் மட்டும் ஓட்டாது. "ஹைபிரிட் சார்" என்று சொல்லி அதற்காகத் தனி விலை கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் முழுமையான வகை. டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது பெரும்பாலும் மோட்டாரிலேயே ஓடும். அதனால் சிட்டிக்குள் அதிகம் ஓட்டுபவர்களுக்கு மிச்சம் அதிகம். அதன் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டி உண்டு. எவ்வளவு மீதி இருக்கிறது, கம்பெனி சர்வீஸ் ஒழுங்காக நடந்திருக்கிறதா என்பதை டீலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். விலைதான் இன்னும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

டி போர்டு, டெல்லி வண்டி... உஷார்!

7 சீட்டர் என்றாலே வாடகை வண்டிகளும் கலந்துதான் இருக்கும். டி போர்டில் பல லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டு, ஓன் போர்டாக மாற்றப்பட்ட டீசல் வண்டிகள் சந்தைக்கு வருகின்றன. அதில் தவறில்லை. நன்றாகப் பராமரித்த வாடகை வண்டி நன்றாகவே ஓடும். மறைத்து விற்பதுதான் தவறு. ஆர்சி விவரத்தையும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் உள்ள பதிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2019-ல் சர்வீஸுக்கு வந்தபோது 1.40 லட்சம் கி.மீ. ஓடியிருந்த வண்டியின் மீட்டர் இன்று 80,000 காட்டினால் விஷயம் புரிந்துவிடும்.

இன்னொன்று, 'டெல்லி வண்டி'. தலைநகர் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. 2018-ல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு உத்தரவுகளில் மாற்றங்கள் வந்தாலும், அந்தப் பயத்தில் விற்கப்பட்ட டீசல் கார்கள் குறைந்த விலைக்கு மற்ற மாநிலங்களுக்கு வந்தன. தமிழ்நாட்டில் பதிவை மாற்ற டெல்லி ஆர்டிஓ-வின் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்தால் உள்ளூர் வண்டியின் விலையே வந்துவிடலாம்.

தமிழ்நாட்டில் டீசலுக்கு இப்படி 10 வருடக் கெடு இல்லை. எந்த எஞ்சினாக இருந்தாலும் 15 வருடம் முடிந்ததும் ஆர்சி-யைப் புதுப்பிக்க வேண்டும். தகுதிச் சோதனை, கட்டணம், பசுமை வரி எல்லாம் உண்டு. 2012 மாடல் வண்டிக்கு 2027-ல் அந்தச் செலவு காத்திருக்கிறது என்பதை விலை பேசும்போதே சொல்லிக் குறையுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது...

* காலையில் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். "ஸ்டார்ட் பண்ணி ரெடியா வெச்சிருக்கேன்" என்று சொன்னால், இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட்டிங் பிரச்சினை வெளியே தெரியும்.
* புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. தொடர்ந்து அடர்த்தியான வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகலாம். டீசலில் ஆக்சிலரேட்டர் மிதித்ததும் கரும்புகை கொட்டினால் இன்ஜெக்டர், டர்போ பக்கம் சந்தேகம்.
* எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். புகை குபுகுபு என்று வந்தால் மெக்கானிக்குகள் சொல்லும் 'பேக் கம்ப்ரஷன்'. எஞ்சின் வேலை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.
* மூடியின் அடியில் மோர் போல வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் விசாரியுங்கள்.
* ஏசியை முழுதாகப் போட்டு, வீட்டு ஆட்களை ஏற்றி, ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். தனியாக ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இழுக்கும்.
* உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய், ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். லட்சங்களைக் கொடுக்கும் இடத்தில் இந்த ஓரிரு ஆயிரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

சரி, யாருக்கு எது?

மாதம் 800 கி.மீ.க்குள், பெரும்பாலும் சிட்டி: பெட்ரோல். யோசிக்கவே வேண்டாம்.

மாதம் 1,500 கி.மீ.க்கு மேல், பெரும்பாலும் ஹைவே அல்லது மலை: சர்வீஸ் பதிவுகள் முழுமையாக உள்ள டீசல்.

தினமும் நீண்ட தூரம், வழியில் பங்க், லக்கேஜ் குறைவு: கம்பெனியில் பொருத்திய சிஎன்ஜி.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் எஞ்சின் வகையைவிட வண்டியின் நிலைமைக்கு முதலிடம் கொடுக்கலாம். ஒரே உரிமையாளர், முழு சர்வீஸ் பதிவு, நேர்மையான மீட்டர் உள்ள பெட்ரோல் வண்டி, கதை தெரியாத டீசல் வண்டியைவிட எப்போதும் மேல்.

கடைசியாக ஒன்று. கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். பழைய வண்டி என்றால் வாங்கிய கையோடு ஆயில், டயர், பேட்டரி, பிரேக் என்று ஏதாவது செலவு வரும். பெட்ரோல் என்றாலும் டீசல் என்றாலும் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வையுங்கள். லோன் போட்டு வாங்கும் குடும்பத்துக்கு முதல் ரிப்பேர் பில்லும் முதல் இஎம்ஐயும் ஒரே மாதத்தில் வந்தால் சமாளிக்க அந்தப் பணம்தான் கை கொடுக்கும்.